லினக்ஸ் கெர்னலின் மேல் நேரடியாக இயங்கும் கற்பனை கன்சோல்: முதல் பிராசஸே விளையாட்டு இயந்திரமாக இருக்கலாமா?

கருநிரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக ஓய்வு நேரங்களில் ஒரு கற்பனை கன்சோலை உருவாக்கி வருகிறேன். எங்கும் வன்பொருளாக இருந்திராத ஒரு விளையாட்டுக் கருவிக்குத் திரை அளவு, நிறங்கள், நினைவகம், ஒலித்தடங்கள் ஆகியவற்றை நாமே வகுத்து, அந்த வரம்புகளை மீறாமல் மென்பொருளாக மட்டும் உருவாக்குவதையே கற்பனை கன்சோல் என்கிறோம் என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். பிக்கோ-8 கன்சோலில் திரை 128×128, நிறங்கள் 16, ஒரு கார்ட்ரிட்ஜின் அளவு 32 கிலோபைட். டிக்-80 கன்சோலில் திரை 240×136. இந்தக் குறுகிய எல்லைகளே அவற்றுக்கு அழகைத் தருகின்றன.

ஆனால் இவை எல்லாம் ஒரு முழுமையான இயங்குதளத்தின் மேல், பல சாளரங்களுக்கு நடுவே இன்னொரு சாளரமாகத்தான் பெரும்பாலும் இயங்குகின்றன. எனக்கு வேண்டியது அதுவல்ல. கணினியின் பொத்தானை அழுத்தினால் விளையாட்டுதான் வர வேண்டும். நடுவில் உள்நுழைவுத் திரையோ, சாளர மேலாளரோ, பின்னணிச் சேவைகளோ இருக்கக் கூடாது. இயங்குதளத்தின் மையக்கருவான லினக்ஸ் கெர்னல், அதன் மேல் என் நிரல், அவ்வளவுதான்.

இதற்குக் கெர்னல் தடை எதுவும் சொல்வதில்லை. தன் தொடக்க வேலைகளை முடித்ததும், இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் சிறிய கோப்புத் தொகுப்பை நினைவகத்தில் விரித்து, அதில் இனிட் என்ற பெயரில் இருக்கும் நிரலைப் பிஐடி 1 எண் கொண்ட முதல் பிராசஸாக, அதாவது இயங்கும் முதல் நிரலாக, அது இயக்குகிறது. வழக்கமான விநியோகங்களில் அந்த நிரல் வட்டைத் தேடி மவுன்ட் செய்து (அதன் கோப்புகளை அணுகும்படி இணைத்து), மற்றச் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி போன்ற ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்த இடத்தில் எந்த நிரல் இருந்தாலும் கெர்னலுக்குச் சம்மதம்தான். அந்த நிரலாக என் கன்சோலையே வைத்துவிட்டேன்.

இதுவரை முடிந்தவை: சி மொழியில் எழுதிய இயந்திரம், விளையாட்டுகளுக்கு லுவா 5.4, எல்லாம் மசல் என்ற சி நூலகத்துடன், வெளியே எந்த நூலகக் கோப்பும் தேவைப்படாத ஸ்டாட்டிக் முறையில் ஒரே கோப்பாக இணைக்கப்பட்டுள்ளன. திரை அளவு 320×180. இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080, நான்கு மடங்கு பெருக்கினால் 1280×720, பன்னிரண்டு மடங்கு பெருக்கினால் 3840×2160 என்று மூன்று திரைகளையும் ஓரம் மிச்சமில்லாமல் அது நிறைக்கிறது. டிக்-80 திரையின் உயரமான 136 வரிகளை எட்டால் பெருக்கினால் 1088 வரும். 1080 வரிகள் உள்ள திரையில் எட்டு வரிகள் வெளியே போய்விடும். அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

கெமு மெய்நிகர் கணினியில் படம் வருகிறது. உண்மையான கணினிக்குப் போவதற்கு முன் மூன்று செய்திகளில் உங்கள் கருத்து வேண்டும். திரையில் வரையக் கெர்னல் தரும் இரண்டு வழிகளில் பழைய எஃப்பிடெவ் போதுமா, புதிய டிஆர்எம் அவசியமா? ஒலியை, லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ஆல்சா நூலகம் இல்லாமல் நேரடியாகக் கையாள முடியுமா? முதல் பிராசஸே விளையாட்டு இயந்திரமாக இருப்பதில் ஏதேனும் ஆபத்து உண்டா?

எழில்வரி எழுதியது:

நான் இந்தத் துறைக்குப் புதியவன். ஒரு ஐயம்: இவ்வளவையும் நீக்கிவிட்ட பிறகு கெர்னலையும் நீக்கிவிட்டு, வன்பொருள் மீதே நேரடியாக எழுதினால் இன்னும் தூய்மையாக இருக்குமல்லவா?

பழையசில்லு எழுதியது:

நல்ல கேள்வி, எழில்வரி. நானே அந்த வழியில் ஓராண்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் விடை சொல்கிறேன்.

திரையில் ஒரு படம் காட்டுவது எளிது. கணினியைத் தொடக்கும் யூஈஎஃப்ஐ மென்பொருள், ஒரு ஃபிரேம்பஃபரின் (திரையில் தெரியும் புள்ளிகளை வைத்திருக்கும் நினைவகத்தின்) முகவரியைக் கையில் கொடுத்துவிடும். சிக்கல் விசைப்பலகையில் தொடங்குகிறது. இன்றைய விசைப்பலகையும் கேம்பேடும் யூஎஸ்பி வழியாக வருகின்றன. ஒரே ஒரு விசை அழுத்தத்தைப் படிக்க, பிசிஐ பஸ்ஸில் யூஎஸ்பி கட்டுப்படுத்தியைத் தேடிப் பிடித்து, அதன் கட்டளை வரிசைகளை நினைவகத்தில் அமைத்து, இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுத்து, ஹப்களைக் கடந்து, அந்தக் கருவி தன்னைப் பற்றித் தரும் விவரணையைப் பிரித்துப் படிக்க வேண்டும். இதற்குப் பிறகு ஒலி இருக்கிறது. ஒவ்வொரு தாய்ப்பலகையிலும் ஒலிச் சில்லின் இணைப்புகள் வேறு வேறு. அந்த ஓராண்டில் நான் எழுதியது எல்லாம் இயக்கிகளே. விளையாட்டில் ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

கெர்னல் தருவது இயக்கிகளை மட்டுமல்ல, ஒரு வாக்குறுதியையும்தான். பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் சிஸ்டம் கால்களின் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளின்) நடத்தையை உடைக்கக் கூடாது என்பதை லினக்ஸ் உருவாக்குநர்கள் கண்டிப்பான விதியாகப் பின்பற்றுகிறார்கள். இன்று ஸ்டாட்டிக் முறையில் இணைத்த ஒரு கோப்பு பல ஆண்டுகள் கழித்து வரும் கெர்னலிலும் ஓடும் என்று நம்பி எழுதலாம். கற்பனை கன்சோலுக்கு ஒரு நிலையான வன்பொருள் வேண்டும் என்றால், அந்தச் சிஸ்டம் கால் பட்டியலையே வன்பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளிக்கோலம் எழுதியது:

திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் எனக்கு அனுபவம்.

எஃப்பிடெவ் எளிமையானது என்பதை மறுக்கவில்லை. சாதனக் கோப்பைத் திறந்து, சாதனங்களுக்குக் கட்டளையிடும் ஐஓசிடிஎல் அழைப்புகள் இரண்டில் அளவையும் அமைப்பையும் கேட்டு, எம்மேப் செய்துவிட்டால் (நம் நிரலின் நினைவகத்தோடு இணைத்துவிட்டால்) திரை ஒரு நீண்ட அணியாகக் கைக்கு வந்துவிடும். ஆனால் எழுதிய படம் எப்போது திரைக்குப் போகிறது என்பதை அறிய அதில் எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான, நம்பத்தக்க வழி இல்லை. அதனால் நகரும் காட்சிகளில் படம் நடுவில் கிழிந்து தெரியும். எஃப்பிடெவ் வடிவில் புதிய இயக்கிகள் கெர்னலில் சேர்க்கப்படுவதும் நின்றுவிட்டது. இன்று பெரும்பாலான கணினிகளில் நீங்கள் காணும் எஃப்பிடெவ் என்பதே டிஆர்எம்மின் மேல் போர்த்திய ஒரு போர்வைதான்.

டிஆர்எம் சற்று நீளமானது. இணைப்பான், திரைமுறை, படத்தைத் திரைக்கு அனுப்பும் சிஆர்டிசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, டம்ப் பஃபர்கள் எனப்படும் எளிய பட நினைவகங்கள் இரண்டை உருவாக்கி, ஒன்று திரையில் இருக்கும்போது மற்றொன்றில் வரைந்து, பேஜ் ஃபிளிப் கட்டளையால் மாற்ற வேண்டும். மாற்றம் நடந்து முடிந்ததும் அதே கோப்பு வழியாக ஒரு நிகழ்வு வரும். அந்த நிகழ்வையே விளையாட்டின் நாடித்துடிப்பாக வைத்துக்கொள்ளலாம். இதற்கென எந்த நூலகமும் வேண்டாம். கெர்னலின் தலைப்புக் கோப்புகளும் சுமார் முந்நூறு வரி சி நிரலும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

நான் மூன்று மாலைகளைத் தொலைத்த ஓர் இடத்தை இங்கே குறித்து வைக்கிறேன். 1366×768 திரை கொண்ட ஒரு பழைய மடிக்கணினியில் என் படம் முழுவதும் சாய்ந்து, செங்குத்தான கோடுகள் எல்லாம் மூலைவிட்டங்களாகத் தெரிந்தன. கெமுவில் அதே நிரல் குறையில்லாமல் ஓடியது. ஒரு வரிக்கு 1366×4, அதாவது 5464 பைட்டுகள் என்று நானே கணக்கிட்டு எழுதியிருந்தேன். அந்த இயக்கியோ ஒவ்வொரு வரியையும் 64இன் மடங்கில் முடித்து, 5504 பைட்டுகளாக வைத்திருந்தது. வரிக்கு 40 பைட்டுகள், அதாவது பத்துப் புள்ளிகள் வீதம் படம் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. வரியின் நீளத்தை நாமாகக் கணக்கிடக் கூடாது. பஃபரை உருவாக்கும்போது கெர்னல் திருப்பித் தரும் பிட்ச் மதிப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும். 1920, 1280 போன்ற அகலங்களில் நான்கால் பெருக்கும்போது 64இன் மடங்கு தானாகவே அமைந்துவிடுவதால் இந்தப் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. 1920×1080 திரையில் ஒரு சட்டகம் 82,94,400 பைட்டுகள்; வினாடிக்கு 60 முறை என்றால் சுமார் 50 கோடி பைட்டுகள். எழுதுவதற்கு இது இன்றைய கணினிக்குச் சுமையல்ல, ஆனால் அந்த நினைவகத்திலிருந்து திரும்பப் படிப்பது மிக மிக மெதுவாக இருக்கும், ஏனெனில் பல இயக்கிகள் அதைத் தற்காலிகச் சேமிப்பில்லாத முறையில்தான் நமக்குக் காட்டுகின்றன. ஆகவே ஆறு மடங்கு பெருக்கும்போது, முதல் வரியைத் திரையில் எழுதிவிட்டு அதையே படித்து ஐந்து முறை நகலெடுக்காதீர்கள். பெருக்கிய வரியை உங்கள் நிரலின் சாதாரண நினைவகத்தில் ஒருமுறை தயார் செய்து, அங்கிருந்து ஆறு முறை திரைக்கு எழுதுங்கள்.

கருநிரல் எழுதியது:

மிக்க நன்றி, புள்ளிக்கோலம். என் நிரலைத் திறந்து பார்த்தேன். பெருக்கும் பகுதியில் நீங்கள் சொன்ன அதே தவறைச் செய்திருக்கிறேன், திரையிலிருந்தே படித்திருக்கிறேன். பிட்ச் மதிப்பையும் எங்குமே கேட்கவில்லை. டிஆர்எம்முக்கு மாறிவிடுகிறேன்.

ஒரு துணைக்கேள்வி: சில வரைகலைச் சில்லுகள் ஃபர்ம்வேர் எனப்படும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய தனி நிரல் கோப்புகள் இல்லாமல் எழவே மாட்டா. எல்லாக் கோப்புகளையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் திணித்தால் என் கன்சோல் பல மடங்கு வீங்கிவிடும். இதற்கு என்ன வழி?

புள்ளிக்கோலம் எழுதியது:

சிம்பிள்டிஆர்எம் இயக்கியைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். 2021இல் வந்த 5.14 கெர்னல் முதல் அது இருக்கிறது. யூஈஎஃப்ஐ அமைத்துக் கொடுத்த ஃபிரேம்பஃபரையே அது டிஆர்எம் வடிவில் காட்டும். ஃபர்ம்வேர் எதுவும் தேவையில்லை. திரைமுறையை மாற்ற முடியாது, திரையின் உண்மையான துடிப்போடு ஒத்திசைவும் கிடைக்காது. அதனால் அந்த இயக்கியில் ஓடும்போது மட்டும், பேஜ் ஃபிளிப் நிகழ்வை நம்பாமல் கெர்னலின் கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

பழையசில்லு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. இந்தத் திட்டம் நிலைப்பதும் கவிழ்வதும் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பிஐடி 1 மற்ற பிராசஸ்களைப் போன்றதல்ல. அது முடிந்தால், பிழையோடு முடிந்தாலும் சரி, ஒழுங்காகப் பூஜ்யம் திருப்பி முடிந்தாலும் சரி, இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்தது என்று அறிவித்துவிட்டுக் கெர்னல் பேனிக் ஆகிவிடும், அதாவது தொடர முடியாமல் நின்றுவிடும். உங்கள் இயந்திரத்தில் ஒரு தவறான சுட்டி இருந்தால், வழக்கமான கணினியில் ஒரு நிரல் மட்டும் சாகும்; உங்கள் கன்சோலில் முழுக் கணினியும் உறைந்துவிடும். அந்த அறிவிப்பின் ஓரத்தில் இருக்கும் வெளியேற்றக் குறியீட்டைப் பாருங்கள். 11 என்ற எண் பதினாறடிமான முறையில் 0x0000000b என்று அங்கே இருக்கும். அது, தவறான நினைவக முகவரியைத் தொட்டதைக் குறிக்கும் செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னலின் எண்.

ஆகவே பிஐடி 1 மிகச் சிறிய காவலனாக மட்டும் இருக்கட்டும். தேவையான கோப்பு முறைமைகளை மவுன்ட் செய்வது, கன்சோலைக் குழந்தைப் பிராசஸாகத் தொடங்குவது, அது இறந்தால் அதன் முடிவு நிலையைப் பெற்று மீண்டும் தொடங்குவது, அணைக்கும் கட்டளை வந்தால் எழுதாமல் இருக்கும் தரவுகளை வட்டில் சேர்த்துவிட்டு ரீபூட் சிஸ்டம் காலை அழைப்பது, இவையே அதன் கடமைகள். இருநூறு வரிகளுக்குள் எழுதி, ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சரிபார்க்கலாம்.

கருநிரல் எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் இந்த இடத்தில் மாறுபடுகிறேன். ஒரே கணினி, ஒரே பிராசஸ் என்ற எளிமைதான் இந்தத் திட்டத்தின் உயிர். பழைய கன்சோல்களில் கார்ட்ரிட்ஜ் தவறு செய்தால் கருவி உறைந்துதான் போகும். ரீசெட் பொத்தானை அழுத்துவார்கள். மேலும் விளையாட்டு எழுதுபவர் சி மொழியைத் தொடப் போவதில்லை. லுவாவில் நடக்கும் பிழைகளை நான் பிடித்துவிடுகிறேன். முடிவில்லாச் சுழற்சியைத் தடுக்க, குறிப்பிட்ட எண்ணிக்கை கட்டளைகளுக்கு ஒருமுறை ஹூக் எனப்படும் லுவாவின் இடைமறிப்பு வசதி என் செயற்கூறை அழைக்கிறது. நினைவகத்தை ஒதுக்க என் சொந்த அலகேட்டரைக் கொடுத்து வரம்பு விதித்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு காவலன் எதற்கு?

பழையசில்லு எழுதியது:

உங்கள் ஹூக்கை மீறிச் செல்லும் ஒரு கார்ட்ரிட்ஜை இப்போதே எழுதிக் காட்டலாம், நண்பரே. நீண்ட சரம் ஒன்றை எடுத்து, அதில் எங்கும் பொருந்தாத ஒரு பேட்டர்னை (தேடும் வடிவத்தை), எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும் விரிவுக் குறிகள் பலவற்றை நடுவில் வைத்து, லுவாவின் சரம் தேடும் செயற்கூறிடம் கொடுங்கள். தேடல் முழுவதும் சி மொழியில் எழுதப்பட்ட நூலகத்துக்குள் நடக்கிறது. லுவா கட்டளைகளை எண்ணும் ஹூக் அந்த நேரத்தில் ஒருமுறைகூட அழைக்கப்படாது. விளையாட்டு எழுதுபவர் தீய எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. உரையாடல் பகுதியில் ஒரு பேட்டர்னைத் தவறாக எழுதினாலே போதும்.

நினைவகத்திலும் இதே கதைதான். லுவாவுக்கு வரம்பு இருக்கிறது, உங்கள் சி இயந்திரத்துக்கு இல்லை. நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று இடத்தை மீட்கப் பார்க்கும், ஆனால் பிஐடி 1 மீது கை வைக்காது. கொல்வதற்கு வேறு பிராசஸே இல்லை என்றால் மீண்டும் பேனிக்தான். குழந்தைப் பிராசஸ் ஒன்று இருந்தால் அது போகும், காவலன் மிஞ்சுவான்.

பழைய கன்சோல் உறைந்தால் ரீசெட் அழுத்தினார்கள் என்றீர்கள். உண்மை. ஆனால் அன்றைய கருவியில் விளையாட்டை எழுதியவர் அதே கருவியில் உட்கார்ந்து எழுதவில்லை. உங்கள் கன்சோலுக்குள் நிரல் திருத்தியும் இருக்கப் போகிறது. அரை மணி நேரம் எழுதிய நிரலைச் சேமிக்காமல் இயக்கிப் பார்க்கும் ஒருவர், பேனிக் ஆன கருப்புத் திரையில் அந்த உழைப்பு முழுவதையும் இழப்பார். அவருக்காகவாவது காவலன் வேண்டும்.

ஓசைவரி எழுதியது:

காவலன் வேண்டும் என்பதே என் கருத்தும். ஒலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அதற்கு வருகிறேன்.

ஆல்சா நூலகம் தன் அமைப்புக் கோப்புகளையும் செருகுநிரல்களையும் தேடிக்கொண்டு வரும். உங்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அவை எதுவும் இருக்காது. ஒலி மாதிரிகளை ஏற்கும் கெர்னலின் பிசிஎம் சாதனக் கோப்பை நேரடியாகத் திறந்து, ஐஓசிடிஎல் வழியாக அளவுருக்களை அமைத்து எழுதலாம். அதை முழுவதும் கையால் எழுதச் சலிப்பாக இருந்தால் டைனிஆல்சா நூலகம் அதே வேலையைச் சில கோப்புகளில் முடிக்கிறது. எந்த அமைப்புக் கோப்பையும் கேட்பதில்லை.

முதல் முறை ஒலி வராது, மனம் தளராதீர்கள். எனக்கு ஒரு வார இறுதி முழுவதும் வரவில்லை. பிசிஎம் கோப்பு தரவை வாங்கிக்கொண்டது, பிழைச்செய்தி இல்லை, ஒலிபெருக்கியில் மட்டும் நிசப்தம். பல ஒலி இயக்கிகள் தொடங்கும்போது தடங்களை மியூட் நிலையில் வைத்திருக்கும். வழக்கமான விநியோகங்களில் முந்தைய ஒலியளவை மீட்டெடுக்கும் ஒரு சேவை இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. உங்களிடம் அந்தச் சேவை இல்லை. கட்டுப்பாட்டுச் சாதனக் கோப்பைத் திறந்து, மாஸ்டர் தடத்தின் மியூட்டை நீங்களே நீக்கி, ஒலியளவையும் ஏற்ற வேண்டும். எச்டிஎம்ஐ வழியாக ஒலி போகும் கணினிகளில் முதல் சாதனமே சரியானது என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

அடுத்தது நேரக் கணக்கு. வினாடிக்கு 48,000 மாதிரிகள், 60 சட்டகங்கள் என்றால் ஒரு சட்டகத்துக்குச் சரியாக 800 மாதிரிகள் வரும். கணக்கு அழகாக இருக்கிறது என்பதாலேயே பலர் இங்கே ஏமாறுகிறார்கள். திரையின் உண்மையான வேகம் 59.94 ஆக இருந்தால் ஒரு சட்டகத்துக்குச் சுமார் 800.8 மாதிரிகள் தேவை. மாதிரி ஒன்றுகூட முழுதாகக் குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் வினாடிக்கு 48 மாதிரிகள் குறைகின்றன. நான்கு சட்டகங்களின் ஒலியை, அதாவது 3200 மாதிரிகளை, முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தாலும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போனதும் பஃபர் வற்றி, டப் என்று ஒரு சத்தம் கேட்கும். திரைக்கும் ஒலிச் சில்லுக்கும் நேரத்தை அளக்கும் தனித்தனிப் படிகங்கள். அவை என்றும் ஒத்துப்போவதில்லை.

ஒவ்வொரு சட்டகத்திலும் பஃபரில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கெர்னலைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் 802, அதிகமாக இருந்தால் 798 மாதிரிகளை உருவாக்குங்கள். உங்கள் ஒலி முழுவதும் கணக்கீட்டால் பிறப்பதால் இரண்டு மாதிரிகள் கூடுவதும் குறைவதும் காதுக்குத் தெரியாது.

எழில்வரி எழுதியது:

விசைப்பலகைக்கும் இப்படி நேரடி வழி இருக்கிறதா? நிரல் திருத்தியில் தமிழில் குறிப்புகள் எழுத முடியுமா?

புள்ளிக்கோலம் எழுதியது:

இருக்கிறது. ஈவிடெவ் எனப்படும் உள்ளீட்டுச் சாதனக் கோப்புகளைத் திறந்து படித்தால், 64 பிட் கணினியில் ஒவ்வொரு நிகழ்வும் 24 பைட்டுகளாக வரும்: நேரம், வகை, குறியீடு, மதிப்பு. மதிப்பு 1 என்றால் அழுத்தம், 0 என்றால் விடுவிப்பு, 2 என்றால் அழுத்திப் பிடித்திருப்பதால் வரும் மறுநிகழ்வு. விளையாட்டில் 2ஐப் புறக்கணியுங்கள்.

அந்தக் குறியீடு விசையின் இடத்தைத்தான் குறிக்கிறது, அதன் மேல் அச்சிட்ட எழுத்தை அல்ல. விளையாட்டுக்கு இது வரம். எந்த நாட்டு விசைப்பலகையிலும் விரல்கள் ஒரே இடத்தில் இருக்கும். நிரல் திருத்திக்கோ எழுத்து அட்டவணையை நீங்களே எழுத வேண்டும். கேம்பேடுகளில் கவனம் தேவை: திசை விசைகள் சிலவற்றில் பொத்தான்களாகவும் சிலவற்றில் ஹாட் எனப்படும் அச்சு மதிப்புகளாகவும் வரும்; இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழைப் பொறுத்தவரை, எழுத்துருக்களை அடுக்கும் நூலகம் எதுவும் உங்களிடம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வரையும்போது முன்னால் கொண்டுவர வேண்டும். கொ, கோ, கௌ வரிசைகளில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். இவற்றைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரமும் ஔகாரமும் அடங்கா என்பதால் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் புள்ளி எழுத்துரு ஒன்றை வரைய வேண்டியிருக்கும். அதற்கு நான் உதவத் தயார்.

கருநிரல் எழுதியது:

பத்து நாட்களாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பழையசில்லு ஐயா சொன்ன பேட்டர்னை என் கன்சோலில் ஓட்டிப் பார்த்தேன். திரை உறைந்தது. ஹூக் அழைக்கப்படவில்லை. மின்சாரத்தைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. என் வாதம் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது இரண்டு பிராசஸ்கள்.

அமைப்பு இதுதான். காவலன் முதலில் டிஆர்எம் கோப்பைத் திறந்து, திரைமுறையை அமைத்து, இரண்டு பஃபர்களையும் எம்மேப் செய்துவிட்டு அதன் பிறகே ஃபோர்க் செய்து குழந்தைப் பிராசஸை உருவாக்குகிறான். குழந்தை அதே கோப்பை மரபாகப் பெற்றுக்கொள்கிறது. குழந்தை இறந்தாலும் காவலனிடம் கோப்பு திறந்தே இருப்பதால் கெர்னல் பஃபர்களை நீக்குவதில்லை. கடைசிப் படம் அப்படியே திரையில் நிற்கிறது, அதன் மேல் காவலனே பிழைச் செய்தியை வரைய முடிகிறது. இருவருக்கும் பொதுவான நினைவகப் பக்கம் ஒன்றில் குழந்தை ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு எண்ணை ஏற்றுகிறது. இரண்டு வினாடிகள் அந்த எண் நகராவிட்டால் காவலன் சிக்னல் அனுப்பிக் குழந்தையை முடித்துவிடுகிறான். நிரல் திருத்தியின் உரையும் அந்தப் பொது நினைவகத்திலேயே இருப்பதால், மீண்டும் தொடங்கும் குழந்தை அதை எடுத்துக்கொள்கிறது.

ஒரு சிறு முள் குத்தியது. குழந்தை பேஜ் ஃபிளிப் கேட்டுவிட்டு நிகழ்வு வருவதற்குள் இறந்தால், காவலன் உடனே கேட்கும் ஃபிளிப்பைக் கெர்னல் வேலையில் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. நிலுவையில் இருக்கும் நிகழ்வை முதலில் படித்துத் தீர்த்துவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும்.

உண்மையான கணினியில் ஏற்றியபோது இன்னும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தேன். சாதனக் கோப்புகளுக்கான டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸைக் கெர்னலே மவுன்ட் செய்யும் விருப்பத்தை இயக்கியிருந்தேன். இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து தொடங்கும்போது அந்த விருப்பம் செயல்படுவதில்லை, நாம்தான் மவுன்ட் செய்ய வேண்டும். மற்றொன்று, கெர்னலின் உரைக் கன்சோல் என் படத்தின் மேலேயே சிமிட்டும் கர்சரை வரைந்துகொண்டிருந்தது. அந்த உரைக் கன்சோலை இயக்கும் மெய்நிகர் முனையங்களையே கெர்னல் அமைப்பில் நீக்கிவிட்டேன். ஈவிடெவ் அதைச் சார்ந்தது அல்ல என்பதால் விசைப்பலகை வழக்கம்போல இயங்குகிறது.

பழையசில்லு எழுதியது:

மெய்நிகர் முனையத்தை நீக்கியது சரியான முடிவு, ஆனால் இனி கெர்னல் பேனிக் ஆனால் திரையில் ஒன்றும் தெரியாது. 2024இல் வந்த 6.10 கெர்னலில் பேனிக் செய்தியைத் திரையில் காட்டும் டிஆர்எம் பேனிக் என்ற வசதி சேர்ந்திருக்கிறது. உங்கள் வரைகலை இயக்கி அதை ஆதரித்தால் செயல்படுத்தி வையுங்கள். சோதனைக் காலத்தில் சீரியல் முனையத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பிறருக்குக் கொடுக்க எளிய வழி, கெர்னலை, யூஈஎஃப்ஐ நேரடியாகத் தொடங்கும்படி செய்யும் ஈஎஃப்ஐ ஸ்டப் விருப்பத்துடன் கம்பைல் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கட்டளை வரியையும் அதற்குள்ளேயே பதித்துவிடுவது. யூஎஸ்பி துண்டின் ஃபேட் கோப்பு முறைமைப் பகுதியில் யூஈஎஃப்ஐ தேடும் இடத்தில் அந்த ஒரே கோப்பை வைத்தால் போதும், பூட்லோடர்கூட வேண்டாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத கோப்பு ஏறாது என்பதை மட்டும் பயனர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கெர்னலை வழங்கும்போது அதன் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி அதன் மூல நிரலையும் அமைப்புக் கோப்பையும் வழங்கும் கடமை உங்களுக்கு உண்டு. சிஸ்டம் கால்கள் வழியாக மட்டும் கெர்னலைப் பயன்படுத்தும் பயனர் நிரல்களை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்று கெர்னலின் உரிமக் கோப்பிலேயே குறிப்பு இருக்கிறது. உங்கள் இயந்திரத்துக்கு நீங்கள் விரும்பிய உரிமத்தைத் தரலாம்.

ஓசைவரி எழுதியது:

அதே ஃபேட் பகுதியில் விளையாட்டின் சேமிப்பையும் எழுதப் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். ஃபேட் இயக்கியோடு எழுத்துக்குறி அட்டவணைகளான 437, ஐஎஸ்ஓ 8859-1 இரண்டையும் கெர்னலில் சேருங்கள்; இல்லாவிட்டால் மவுன்ட் தோல்வியடையும், காரணம் கெர்னல் பதிவில் மட்டும்தான் தெரியும். யூஎஸ்பி துண்டு கண்டறியப்படுவதற்கு முன்பே உங்கள் இனிட் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், சாதனக் கோப்பு தோன்றும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

கருநிரல் எழுதியது:

அட்டவணைகளைச் சேர்த்துவிட்டேன். மின்சாரம் திடீரெனப் போனால் ஃபேட்டில் பாதி எழுதிய சேமிப்புக் கோப்பு கெட்டுப்போகுமே என்பதுதான் இப்போதைய கவலை. இரண்டு கோப்புகளை முன்கூட்டியே முழு அளவில் உருவாக்கி வைத்து, வரிசை எண்ணும், உள்ளடக்கம் கெடவில்லை என்று சரிபார்க்கும் செக்சம்மும் சேர்த்து, எது பழையதோ அதன் மேல் மாறி மாறி எழுதி எஃப்சிங்க் செய்கிறேன் (உடனே வட்டில் எழுதவைக்கிறேன்). படிக்கும்போது செக்சம் சரியாக இருப்பவற்றுள் வரிசை எண் பெரியதை எடுத்துக்கொள்கிறேன். கோப்பின் அளவு மாறாததால் ஃபேட் அட்டவணையை எழுத வேண்டிய தேவையே வருவதில்லை.

நேற்று இரவு, சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியை இருபது முறை பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முறை புதிய கோப்பின் செக்சம் பொருந்தவில்லை. மூன்று முறையும் பழைய கோப்பிலிருந்து விளையாட்டு தொடர்ந்தது.

பழையசில்லு எழுதியது:

அந்தச் சேமிப்பு வேலையைக் குழந்தையிடம் விடாமல் காவலனிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வினாடிக் கெடு முடிந்து குழந்தையைக் கொல்லும் கணத்தில் அது கோப்பின் நடுவில் இருக்கக் கூடும்.

கருநிரல் எழுதியது:

அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றே மாற்றிவிடுகிறேன், ஐயா. ஆனால் மெதுவான யூஎஸ்பி துண்டில் எஃப்சிங்க் நேரம் எடுக்கும்போது காவலனே அதில் மாட்டிக்கொள்ளக் கூடாதே. ஆகவே சேமிப்புக்கென்று மூன்றாவது பிராசஸ் ஒன்றைத் தொடங்கி, எழுத வேண்டியதைப் பொது நினைவகத்திலிருந்து அது எடுத்துக்கொள்ளும்படி அமைக்கிறேன்.